தட்டில் நின்ற நோய்

எங்கள் ஆய்வுகூடத்தின் கதவில் அதன் தலைவியின் பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்று ஆய்வுப் பட்டம் எழுதியிருந்தது. சனங்கள் அதை ‘டொக்டர்’ என்று வாசித்தார்கள். பெயருக்குக் கீழே, இரைப்பை, குடல் புற்றுநோய்களில் உயிரணுக்களுக்குள் நடக்கும் சமிக்ஞைகள் பற்றிய ஆய்வு என்று சின்ன எழுத்தில் இன்னொரு வரி. அந்த வரியில் ஒரே ஒரு சொல்தான் எல்லோருக்கும் விளங்கியது. அது போதுமாக இருந்தது. வந்தாறுமூலையில் பஸ்ஸை விட்டிறங்கி, பல்கலைக்கழக வளாகத்துக் காவலாளியிடம் “கேன்சர் டொக்டர் எங்க இரிக்கா?” என்று கேட்டு, ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் புடவைக்கடைப் பைக்குள் திணித்துக்கொண்டு மாடியேறி வருவார்கள்.

நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். ஊர் ஆரையம்பதி. காலையில் பாலம் கடந்து டவுனுக்குப் போய், பஸ் மாறி, ஏறாவூர் தாண்டி நான் போய்ச் சேரும்போது அவர் வெள்ளைக் கோட்டோடு மைக்ரோஸ்கோப்பின் முன்னால் இருப்பார். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பெயரை இங்கே எழுதவில்லை. தன்னைப் பற்றி யாரும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. எழுதினால் அதில் ஒரு பிழையாவது கண்டுபிடிப்பார்.

வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பி நான் கண்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு இருத்துவார். “நான் வைத்தியர் இல்ல. நான் படிச்சது வேற. மருந்து எழுதித் தர எனக்கு ஏலா. இதில என்ன எழுதியிரிக்கு எண்டு வாசிச்சுச் சொல்லலாம். வாசிக்கட்டா?” என்று முதலிலேயே கேட்டுவிடுவார். அவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் வைத்தியர் இல்லை என்று சொன்னதை ஒருவரும் நம்பியதில்லை. பெரிய ஆட்கள் அடக்கமாகத்தான் கதைப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொல்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கேட்டால் பதில் இருக்கும். பதில் இல்லாவிட்டால் “தெரியா” என்பார். அந்தத் “தெரியா”வைச் சொல்வதற்கு அவர் ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை. அதுதான் அவருடைய குணம். நல்ல குணமா என்று எனக்கு இன்றைக்கும் முடிவாகச் சொல்ல வராது.

ஏறாவூரிலிருந்து ஒரு புடவை வியாபாரி வந்திருந்தார். உம்மாவின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தது. “கேஸ்ட்ரிக் எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. பயப்பட ஒண்டுமில்லத்தானே டொக்டர்?” என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே அவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது தெரிந்தது.

மிஸ் வாசித்தார். திரும்பவும் மேலிருந்து வாசித்தார்.

“பயப்படத்தான் வேணும்,” என்றார். “இது கேன்சர் எண்டு எழுதியிரிக்கு. உம்மாவக் கூட்டிக்கொண்டு இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு எண்டு வெக்காதீங்க.”

அந்த மனிதர் எழுந்துவிட்டார். “ஒரு மனிசன்ட மூஞ்சியப் பாத்து இப்பிடியா சொல்ற?”

“நீங்க கேட்டீங்க.”

அவர் பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். மிஸ் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறாவூருக்குப் போனார். கடைத்தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, உம்மாவைத் தானே கூட்டிப் போய் வார்டில் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். உம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் சில காலம் இருந்தார். அவர் மௌத்தான பிறகு அந்த வியாபாரி ஒருநாள் வந்தார். கோபம் இல்லை. ஸ்டூலில் இருந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“உம்மாட கடைசிக் காலம் சரியான கஷ்டம் டொக்டர். ஒண்டும் செய்யாம விட்டிருந்தா நிம்மதியாப் போயிருப்பாவா?”

“தெரியா,” என்றார் மிஸ்.

வேறு யாராக இருந்தாலும் இல்லை, இல்லை, நீங்கள் செய்தது சரி என்று சொல்லியிருப்பார்கள். நானே சொல்ல வாயெடுத்தேன். மிஸ் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு குழாயைத் திறந்து நெடுநேரம் கை கழுவினார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சுகம் விசாரிக்கும் இடத்தில் அவர் “சாப்பாடு இறங்குதா?” என்று கேட்பார். காவலாளியிடம் கேட்பார், பஸ் நடத்துனரிடம் கேட்பார், கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் கேட்பார். பந்தியில் இருந்தால் தன் சோற்றைவிட எதிரில் இருப்பவரின் சோற்றைத்தான் கூடுதலாகக் கவனிப்பார். கொஞ்சம் தின்றதும் வயிறு நிறைந்துவிட்டது என்று யாராவது கையை உதறினால் போதும், பந்தி முடிந்ததும் அவரைத் தேடிப் போவார். சனங்களுக்கு இது பிடிக்காது. “நல்ல நாளில இவவுக்கு வேற கதையே இல்லையா?” என்று என் அம்மாவே ஒருதரம் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியால் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தப்பிய ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் வந்து சொன்னால் மிஸ் சந்தோஷப்படுவார். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அவர் சித்தாண்டிக்காரி. அப்பா வட்டை விதானையாக இருந்தவர்; அந்த வெளியிலுள்ள வயல்களுக்கெல்லாம் எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது மறிப்பது என்று சொல்வது அவருடைய வேலை. தன் ஆய்வைப் பற்றி யார் கேட்டாலும் மிஸ் அதை வைத்துத்தான் விளங்கப்படுத்துவார். “செல்லுக்கு வெளியில இருந்து ஒரு சொல்லு வரும், பிரி எண்டு. வாசலில நிக்கிறவன் கேட்டு உள்ளுக்க இரிக்கிறவனுக்குச் சொல்லுவான். அவன் அடுத்தவனுக்கு. கடைசி ஆள் வாய்க்கால் கதவத் திறப்பான். செல் ரெண்டாகும். சொல்லு நிண்டா கதவும் மூடோணும். கேன்சரில என்ன நடக்குதெண்டா, நடுவில ஒருத்தன் ஆரும் சொல்லாமலே திற, திற எண்டு சொல்லிக்கொண்டே இரிக்கிறான்.” அந்த நடுவில் நிற்கும் ஒருத்தன்தான் மிஸ்ஸின் ஆய்வு. ஒரே ஒரு புரதம். வெளிநாட்டில் படித்த காலத்திலிருந்து அவர் அதன் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. ஆரையம்பதியில், எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் கலியாணம் முடித்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவியின் வீட்டில்தான் இருப்பு; ஆனால் விதைப்புக்கும் அறுவடைக்கும் மோட்டார்சைக்கிளில் சித்தாண்டி வட்டைக்குப் போய்விடுவார். போகிற வழியில் ஆய்வுகூடத்தில் எட்டிப்பார்ப்பார். தயிர்ச் சட்டியோ, வாவி இறாலோ ஏதாவது கையில் இருக்கும். அக்காவின் விளக்கத்தைக் கேட்டுவிட்டு அவர் ஒருநாள் சொன்னது எனக்கு நல்ல நினைவு.

“அப்ப அவனப் பிடிச்சுக் கட்டி வெச்சாச் சரிதானே?”

“அதுக்குத்தான்டா கயிறு தேடிக்கொண்டிரிக்கிறன்.”

கயிறு ஒன்று கிடைத்தது. மிஸ்ஸோடு படித்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு சேர்மத்தை அனுப்பியிருந்தார். அதற்குப் பெயர் கூட இல்லை, எழுத்துகளும் இலக்கங்களும்தான். சின்ன மண்ணிறப் போத்தலில் வெள்ளைத் தூள். புற்று உயிரணுக்களை நாங்கள் தட்டுகளில் வளர்ப்போம். உள்ளங்கையளவு, மூடியோடு கூடிய தெளிந்த பிளாஸ்டிக் தட்டுகள். அந்தத் தூளைக் கரைத்து விட்ட தட்டுகளில் உயிரணுக்கள் பிரிவதை நிறுத்தின. விடாத தட்டுகளில் ஓரம் வரைக்கும் பரவி நின்றன. முதல்முறை கண்டபோது நான் கத்திவிட்டேன். மிஸ் மூடியில் கையை வைத்துக்கொண்டு, “இது தட்டில. மனிசன் தட்டு இல்ல,” என்றார். திரும்பவும் செய்யச் சொன்னார். திரும்பத் திரும்பச் செய்தோம். ஒவ்வொரு தடவையும் நின்றது.

இறுதி வருட மாணவன் ஒருவன் அதைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டான். புற்றுநோயை நிறுத்தும் மருந்து, எங்கள் மண்ணின் பெண் விஞ்ஞானி என்று மிஸ்ஸின் படத்தோடு. அவர் அவனை ஏசவில்லை. கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, “மருந்து எண்டத வெட்டு. ‘தட்டில்’ எண்ட சொல்லச் சேர்,” என்றார். அவன் வெட்டினான், சேர்த்தான். அதற்குள் ஊரெல்லாம் பகிர்ந்துவிட்டது. திருத்தியதை ஒருவரும் வாசிக்கவில்லை. படிகளில் ஏறி வரும் பைகள் இன்னும் கூடின.

அதன் பிறகுதான் நாட்டில் டீசலும் இல்லை, கேஸும் இல்லை என்று ஆன காலம் வந்தது. நாள்தோறும் மின்வெட்டு. உயிரணுக்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டி குளிர்ந்துபோய், தட்டுகளில் இருந்ததெல்லாம் செத்தது. உறைய வைத்திருந்ததுதான் மிச்சம். உறைபெட்டி நின்றால் அதுவும் போய்விடும். ஜெனரேட்டருக்கு ஊற்ற டீசல் இல்லை. மிஸ் உறைபெட்டியின் கதவில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்த ஒரு பகல், தம்பி மோட்டார்சைக்கிளின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வெள்ளாமை வெட்டும் மெசினுக்கென்று வரிசையில் நின்று எடுத்த டீசல்.

“உனக்கு அறுவட இல்லையாடா?” என்று மிஸ் கேட்டார்.

“மெசின் ஒரு நாள் நிண்டா நெல்லு எங்கயும் ஓடிப்போகாது.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “இந்தப் பெட்டி நிண்டா இவட உசிர் போயிரும் புள்ள.”

கேனை மாடிப்படியில் தூக்கி வரும்போது இடையில் நின்று மூச்சு வாங்கினார். மிஸ் அதைப் பார்த்தார். இடுப்புப் பட்டியில் ஆணியால் அடித்த புதிய ஓட்டையையும் பார்த்தார்.

“என்னடா இப்பிடி மெலிஞ்சிட்டாய்? சாப்பாடு இறங்குதா?”

“ஊரில மெலியாத ஆள் ஆரக்கா? நீயுந்தான் மெலிஞ்சிட்டாய். கைய நீட்டு பாப்பம்.”

மிஸ் கையை நீட்டினார். வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வருடம் உரம் இல்லை, அரிசி விலை ஏறிப்போயிற்று, ஒருநேரச் சாப்பாட்டை எல்லா வீட்டிலும் விட்டிருந்தார்கள். உலகத்தில் எல்லோருடைய சோற்றையும் கவனித்த அவருக்கு அந்த வருடம் எல்லோருடைய சோறும் ஒரே மாதிரித் தெரிந்தது. “சரியான பதில் மாதிரி இரிந்திச்சு புள்ள,” என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். “நான் நம்பிட்டன்.”

அடுத்த விதைப்புக்கு வரம்பில் நின்றபோது தம்பி இரத்தமாக வாந்தியெடுத்தார். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இரைப்பைப் புற்றை எடுக்க இயலாது என்று திரும்பத் தைத்துவிட்டார்கள். ஈரல் வரைக்கும் போயிருந்தது. இப்போதுள்ள மருந்துகளில் ஏதும் பொருந்துமா என்று கொழும்பில் சோதித்துப் பார்த்தார்கள். பொருந்தாது என்று வந்தது. வழமையான மருந்து ஏற்றினார்கள். அது கொஞ்ச நாள் தாங்கும் என்றார்கள்.

நோயாளியைப் பார்க்க அம்மாவோடு நானும் பின்தெருவுக்குப் போயிருந்தேன். மிஸ் கட்டிலின் கால்மாட்டில் இருந்தார். தம்பியின் மாமனார் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார்.

“ஏன் புள்ள, நீ இதத்தானே படிச்ச?”

“ஓம் மாமா. இதத்தான்.”

“வயித்தில வாறத?”

“ஓம்.”

“அப்ப?”

மிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் படிச்சு முடியல்ல மாமா.”

“அவவ விடுங்க மாமா,” என்றார் தம்பி, கண்ணை மூடிக்கொண்டே.

தம்பியின் கட்டியிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்த துண்டில் மெல்லிய சீவல் ஒன்றை, தம்பியின் சம்மதத்தோடு மிஸ் கேட்டு வாங்கினார். தான் படிக்கும் அந்தப் புரதம், அந்தத் தூள் கட்டிப்போடும் புரதம், அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு விதி இருந்தது. சாயமேற்றிய கண்ணாடித் துண்டுகளுக்கு நான் இலக்கம் மட்டும் போடுவேன். யாருடையது என்று தெரியாமல் மிஸ் பார்த்து, சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி சொல்வார். தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி. தம்பியுடையதையும் அப்படியே மற்றவற்றோடு கலந்துவிடச் சொன்னார்.

“மிஸ், இத மட்டுமாவது தெரிஞ்சுகொண்டே பாருங்க,” என்றேன்.

“கலந்துவிடு.”

ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்று. பூச்சியம். ஒன்று. பிறகு ஒரு கண்ணாடியில் நின்றார். “இது நல்லா ஏறியிரிக்கு. வடிவான சாயம். மூண்டு போடு. இவ்வளவு நாளும் இப்பிடி ஒண்ட நான் பாத்ததில்ல.” குரலில் வேலைக்காரச் சந்தோஷம் ஒன்று இருந்தது. நான் எழுதவில்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மிஸ் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் திரும்பவும் குனிந்து, மிச்சக் கண்ணாடிகளையும் கடைசி வரை பார்த்து முடித்தார்.

தம்பியின் மனைவியை நான் சின்ன வயதிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைப் பஸ் தரிப்பில் பிடித்தார்.

“புள்ள, பேஸ்புக்கில போட்டிச்சே, அந்த மருந்து. அது உங்கட இடத்திலதானே இரிக்கு?”

“அது மருந்தில்ல அக்கா.”

“மச்சாளும் இதத்தான் சொல்றா. நான் கேக்கிறதுக்குச் சொல்லு. கேன்சர நிப்பாட்டுதா, இல்லையா?”

“நிப்பாட்டுது. தட்டில.”

“என்ர மனிசன் ஒரு தட்டவிடக் குறைஞ்சவரா?”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்தது வரும் வரைக்கும் அவரோடு நின்றேன்.

சில நாள் கழித்து அவரே ஆய்வுகூடத்துக்கு வந்தார். மிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை.

“தாங்க மச்சாள்.”

“அத மனிசருக்கு ஒருநாளும் குடுத்துப் பாத்ததில்ல மச்சாள். எலிக்குக் கூட இப்பதான் வெளிநாட்டில குடுக்கத் தொடங்கியிரிக்காங்க. ஈரல் தாங்குமா, குடல் பொத்துப்போகுமா, ஒண்டும் தெரியா. தட்டில எண்டா பெற்றோல் ஊத்தினாலும் அது சாகும்.”

“அவர் எப்பிடியும் போகப்போறார் எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

அக்கா முன்னரே கேட்டிருந்தார். அதனால் மிஸ் சொல்லியிருந்தார். “ஓம்,” என்றார்.

“அப்ப குடுத்துப் பாத்தா என்ன குறையும்?”

“இரிக்கிற நாள் குறையலாம். நோவு கூடலாம். அது என்ர கையால நடந்ததா இரிக்கும்.”

அக்கா மேசையையும் மைக்ரோஸ்கோப்பையும் சுவரோரம் நின்ற குளிர்ப்பெட்டியையும் பார்த்தார். “உங்களுக்கு உங்கட கை சுத்தமா இரிக்கோணும்,” என்றார். அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மிஸ் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் பகல் நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது குளிர்ப்பெட்டி திறந்து கிடந்தது. மண்ணிறப் போத்தலை முன்னால் வைத்துக்கொண்டு அவர் இருந்தார். வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டிருந்தது. எலியின் எடை, அதன் கீழே மனிதனின் எடை. அந்த எடை எந்த மனிதனுடையது என்று எனக்குத் தெரியும். என்னைக் கண்டதும் எழுந்து பலகையை அழித்தார். போத்தலை உள்ளே வைத்துப் பூட்டினார். சாவியை என் கையில் தந்தார்.

“இத நீ வெச்சுக்கொள். நான் கேட்டாலும் தராத.”

“மிஸ்...”

“கேப்பன். தராத.”

நான் அதைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

கேட்டார். ஒரு மத்தியானம், வீட்டில் உடுத்த சேலையோடு, தலை வாரி இழுக்காமல், ஆரையம்பதியிலிருந்து நேரே வந்திருந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“சாவியத் தா.”

“நீங்கதானே மிஸ் தரவேணாம் எண்டு...”

“சொன்னன். இப்ப அவன் கேக்கிறான் புள்ள. இவ்வளவு நாளும் அவன் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல. இண்டைக்குக் கேட்டான். ‘அக்கா, ஒருக்கா அதக் குடுத்துப் பாப்பமா?’ எண்டான். நான் என்ன சொல்ல?”

கையை நீட்டினார். எந்தச் சின்னத் துளியையும் சிந்தாமல் அளந்து விடுகிற கை அது. தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கையில் வைக்கவும் மனம் வரவில்லை. சங்கிலியைக் கழற்றி, சாவியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேசையில் வைத்தேன்.

மிஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு வகுப்பு முடிந்து பிள்ளைகள் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை நின்றார். அவர் எடுத்திருந்தால் நானும் அவரோடு போயிருப்பேன், மருந்தை ஏற்றுவதற்கு ஊசியும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அவர் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க ஒரே மாதிரிப் பழகிய கை, அந்த ஒரு நாளுக்கு வேறு மாதிரி ஆக மறுத்தது போல இருந்தது. வெறுங்கையோடு படியிறங்கிப் போனார்.

வீட்டில் நடந்ததை அக்கா எனக்குப் பிறகு சொன்னார். மிஸ் கட்டிலின் பக்கத்தில் இருந்து, “ஏலாது தம்பி. அது என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியா,” என்றாராம். “சரி அக்கா,” என்றாராம் தம்பி. “அப்ப கொஞ்சம் தேசிக்காய்த் தண்ணியாவது தா.” மிஸ் குசினிக்குப் போய்த் தேசிக்காயைப் பிழிந்து, சீனி கரைத்துக்கொண்டு வந்து, கரண்டியால் பருக்கினாராம். இறங்கவில்லை.

அடுத்த கிழமை தம்பி போய்விட்டார். சித்தாண்டியிலிருந்து டிராக்டரில் சனங்கள் வந்தார்கள். மிஸ் பெண்களோடு இருந்து அழவில்லை. வாசலில் நின்று, வருகிறவர்கள் கேட்டதற்கெல்லாம் என்ன நோய், எங்கே தொடங்கியது, எங்கே பரவியது என்று ஒன்றும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் வந்து கையைப் பிடித்து, “போதும், உள்ள வாகா,” என்று உள்ளே கூட்டிப் போனார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து வேலைக்கு வந்தார். எலிகளில் செய்த ஆய்வின் முடிவு மின்னஞ்சலில் வந்திருந்தது. எனக்கு வாசித்துக் காட்டினார். சில எலிகளில் கட்டி சுருங்கியிருந்தது. சில எலிகள் குடலில் இரத்தம் கசிந்து செத்திருந்தன. எது சுருங்கும், எது சாகும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

“ரெண்டும் நடந்திரிக்கு,” என்றார் மிஸ். கணினியை மூடினார். அன்றைக்கு ஒரு பையோடு வந்த கிழவரை ஸ்டூலில் இருத்தி, வழமை போல வாசித்துச் சொன்னார். ஆனால் அந்த மாதங்களில் அவர் யாரிடமும் சாப்பாடு இறங்குதா என்று கேட்டதை நான் காணவில்லை.

அதன் பிறகு அவர் இங்கே நெடுநாள் இருக்கவில்லை. அந்தப் புரதத்தைப் படிக்கும் பெரிய ஆய்வுகூடம் ஒன்று கூப்பிட்டது, போய்விட்டார். குளிர் நாடு. இங்கே இருந்து கையைப் பிசைவதைவிட அங்கே இருந்து ஏதாவது செய்யலாம் என்றார். செய்ய முடியுமா என்று நான் கேட்கவில்லை.

அவர் போவதற்குக் கொஞ்சநாள் முன்னர் தம்பியின் மனைவி ஆய்வுகூடத்துக்கு வந்தார். வெள்ளைச் சேலை இல்லை, சாதாரணச் சேலைதான். பொட்டு இல்லை. மிஸ் எழுந்து நின்றார்.

“எனக்கு அதக் காட்டுங்க மச்சாள்,” என்றார் அக்கா.

“எத?”

“அவரத் திண்டத.”

“அவன்ட துண்டு செத்தது. சாயம் போட்டது. உசிரோட இரிக்கிறதப் பாக்கிறீங்களா?”

“ஓம்.”

மிஸ் சூட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். உயரத்தைச் சரிபண்ணினார். அக்கா ஸ்டூலில் இருந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

“மணல் பரத்தின மாதிரி இரிக்கு.”

“நடுவில உருண்டையா மினுங்கிறது தெரியுதா? அது இப்ப ரெண்டாகப் போகுது.”

“தெரியுது.” கொஞ்சம் பொறுத்து, “இது அவர்டயா?” என்று கேட்டார்.

“இல்ல மச்சாள். இது வேற நாட்டில ஒரு மனிசன்ட. இதே வருத்தந்தான். நான் பிறக்கிறதுக்கு முதலே அவர் செத்திட்டார்.”

“ஆள் செத்தும் இது சாகல்லயா?”

“இல்ல. சாப்பாடு குடுத்துக்கொண்டிருந்தா இரிக்கும்.”

அக்கா கண்ணை எடுக்கவில்லை. விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

“அவர்ட பொஞ்சாதிக்குத் தெரியுமா, இது இஞ்ச உசிரோட இரிக்கெண்டு?”

மிஸ் பதில் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கும் ஏதாவது சொல்லிவிடுகிறவர், மச்சாளின் முதுகில் கையை வைத்தபடி நின்றார்.

“சொல்லிராதீங்க,” என்றார் அக்கா, குனிந்தபடியே. “தெரிஞ்சா என்னப்போல வந்து கேப்பா.”